மழைன்னா மெஷின கழட்டி எறியிறான்

கேள்வி: அக்கா, நாங்க தலவாக்கலை பக்கம் தோட்டத்துல இருக்கோம். மகனுக்கு 5 வயசு, ரெண்டு காதும் சரியா கேக்காதுன்னு கண்டியில டெஸ்ட் பண்ணி மெஷின் குடுத்து ரெண்டு மாசமாகுது, போட்ட கொஞ்ச நேரத்துல கழட்டி எறியிறான், மழைன்னா தொடவே விடமாட்டான். கையால காட்டி பேசினா மாமியார் ஏசுறாங்க, அப்புறம் வாயே தெறக்கமாட்டானாம். வாற வருசம் ஸ்கூல்ல வேற சேக்கணும். என்னக்கா செய்ய?

பதில்: தங்கச்சி, மழைன்னு எழுதினீங்களே, பாதி பதில் அதுலயே இருக்கு. லயத்து வீட்டு கூரை தகரத்துல மழை விழுந்தா நமக்கே பக்கத்துல பேசுறது கேக்காது, மெஷின் அந்த சத்தத்தையும் சேத்து தூக்கி குடுக்கும், புள்ளைக்கு காதுக்குள்ள கல்லு கொட்டுன மாதிரி இருக்கும். அந்த நேரம் கழட்டி வச்சா பரவால்ல. மத்தபடி இது கண்ணாடி மாதிரி போட்டவுடனே தெளியாது, இவ்வளவு நாளா கேக்காத சத்தத்த மூளை படிக்கணும். டிவி இல்லாத நேரமா பாத்து 10, 15 நிமிசம் மூணு அடிக்குள்ள உக்காந்து பேசுங்க, நாளுக்கு நாள் கூட்டுங்க. சத்தத்துக்கு எந்நேரமும் அழுதா கிளினிக்ல காட்டி மெஷின் சத்தத்த கொறைக்கணும். மெஷின் கீங்னு விசில் அடிச்சா காதுக்குள்ள வைக்கிற அச்சு லூசா இருக்கலாம், வளர்ற புள்ளைக்கு அத அடிக்கடி மாத்தணும்.

நம்ம ஊர் பனிக்கு மெஷின் டியூபுக்குள்ள தண்ணி முத்து முத்தா நிக்கும். சப்பாத்து பெட்டியில வருமே சிலிக்கா ஜெல் பக்கெட், அத ஒரு மூடி போட்ட டப்பாவுல போட்டு ராத்திரி மெஷின அதுல வைங்க, காய வைக்கிறேன்னு அடுப்பு மேல மட்டும் வேணாம். மெஷினுக்குள்ள இருக்குற சின்ன பெட்டரிய முழுங்கிட்டான்னா விடியட்டும்னு நிக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரி, தொண்டைய உள்ளுக்குள்ள சுட்டுடும்.

மாமியார் சொல்றது தப்பு. கையால பேசுறதால வாய் அடைக்காது, வாயாலயும் சேத்து சொல்லணும் அவ்வளவுதான். உதட்ட மட்டும் நம்பவும் முடியாது, அவங்களையே கண்ணாடி முன்னாடி சத்தமில்லாம ‘படம்’, ‘மடம்’னு சொல்ல சொல்லுங்க, உதட்டுல ரெண்டும் ஒண்ணுதான். நீங்க காலையில கொழுந்து பறிக்க போறது அவனுக்கு யாரு சொல்றா? திடீர்னு அம்மாவ காணோம், அழுறான், அதுக்கு முரட்டு புள்ளைன்னு பேரு. கூடைய தொட்டு, மலைய காட்டி, திரும்பி வந்து சோறு திங்கிற மாதிரி காட்டிட்டு போங்க, கொஞ்ச நாள்ல வித்தியாசம் தெரியும்.

ஸ்கூல்ல முன் வரிசை கேளுங்க, ஜன்னல் வெளிச்சம் டீச்சர் முகத்துல விழணும், போர்ட்ட பாத்துகிட்டு பேசினா அவனுக்கு பாடம் அங்கயே நின்னுடும். காது டெஸ்ட் ரிப்போட் இருக்கே, ஒடியோகிராம், அதுல கொப்பி ஒண்ணு டீச்சர்கிட்ட குடுத்து வைங்க. யாழ்ப்பாணம் கைதடியில நவீல்ட் பாடசாலை இருக்கு, தமிழ்ல காது கேக்காத, கண்ணு தெரியாத புள்ளைங்களுக்குன்னே நடக்குறது, ஆனா 5 வயசுல அம்மாவ விட்டு அவ்வளவு தூரமான்னு எனக்கு மனசு கேக்கல, மொதல்ல பக்கத்துல பாருங்க.

அடுத்த கிளினிக்குக்கு மாமியாரையும் கூட்டிட்டு போங்க. நாம சொன்னா கேக்கமாட்டாங்க, டொக்டர் சொன்னா தலையாட்டுவாங்க.