அழுகும் கற்றாழையைக் காப்பாற்ற முடியுமா?

கேள்வி: பால்கனித் தொட்டியில் வளரும் சோற்றுக்கற்றாழைக்கு நாள்தோறும் தண்ணீர் ஊற்றுகிறேன். ஆனாலும் மடல்கள் பழுப்பேறி, அடிப்பகுதி கொழகொழவென்று ஆகிவிட்டது. செடி பிழைக்குமா?
- வாசகி, மதுரை

பதில்: நீங்கள் அக்கறையோடு ஊற்றிய தண்ணீரே இதற்குக் காரணம். மடல்களிலேயே நீரைச் சேமித்துக்கொள்ளும் இச்செடியின் வேர்கள், எந்நேரமும் ஈரமாக இருக்கும் மண்ணில் காற்றின்றித் திணறி அழுகிவிடுகின்றன.

செடியை மெதுவாக வெளியே எடுத்து, மண்ணை உதிர்த்துவிட்டு வேர்களைப் பாருங்கள். கறுத்து, விரலால் இழுத்தாலே தோல் உரிந்து வருபவை அழுகியவை, வெளிர் நிறத்தில் உறுதியாக இருப்பவை உயிருள்ளவை. அழுகியவற்றையும் கொழகொழத்த மடல்களையும் சுத்தமான கத்தியால் நீக்கி, வெட்டுவாய் காயும்வரை மூன்று நான்கு நாட்கள் நிழலில் வைத்திருங்கள்; இந்தக் காத்திருப்பைத் தவிர்த்தால் செய்த வேலையெல்லாம் வீண். பிறகு, செம்மண்ணும் பருமணலும் சரிபாதியாகக் கலந்து, அடியில் துளையுள்ள மண்தொட்டியில் நட்டு, ஒரு வாரம் கழித்தே தண்ணீர் விடுங்கள். தென்னைநார்த் துகள் ஈரத்தைப் பிடித்து வைக்குமாதலால் இப்போதைக்கு வேண்டாம். அதன்பின், மண் 2 அங்குல ஆழத்துக்குக் காய்ந்திருப்பதை விரலால் உறுதிசெய்துகொண்டு ஊற்றினால் போதும்.

தண்டே அழுகியிருந்தால் தாய்ச்செடி பிழைப்பது அரிது. பக்கக் கன்றுகள் நலமாக இருந்தால் அவற்றைப் பிரித்து இதே முறையில் நடலாம்.