கூடாரப் பயணத்துக்காக 24 லட்சம் ரூபாய் வண்டி வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 38. கோவையில் வசிக்கிறோம். எனக்கும் மனைவிக்கும் சேர்த்து மாதம் 1,15,000 ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுக்கடன் தவணை 32,000. மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து. எங்களிடம் உள்ள சின்னக் கார் எட்டு ஆண்டுகள் ஓடியும் நன்றாகவே இருக்கிறது. வேலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறேன். சிறு வயதில் மாமாவின் பழைய ஜீப்பில் வால்பாறை சுற்றியவன் என்பதால், அதே சாயலில் வந்திருக்கும் மஹிந்திரா தார் ராக்ஸ் வண்டி மீது பெரிய ஆசை. மாதம் ஒரு முறை குடும்பத்தோடு கூடாரம் போட்டுத் தங்கிவர வேண்டும். நான் பார்த்த, நான்கு சக்கரங்களையும் இன்ஜின் இயக்கும் ஃபோர் வீல் டிரைவ் டீசல் வகையின் ஷோரூம் விலை 19.5 லட்சம். மகள் படிப்புக்காகச் சேர்த்த ஈக்விட்டி மியூச்சுவல் ஃபண்டில் 9 லட்சம் இருக்கிறது. அதில் லாபம் 4 லட்சம். அந்த 9 லட்சத்தை முன்பணமாகக் கொடுத்து, மீதிக்கு 9 சதவீத வட்டியில் ஏழு ஆண்டுக் கடன் எடுக்கலாமா? ஜிஎஸ்டி குறைந்திருக்கும் நேரத்தில் வாங்கிவிடுங்கள் என்கிறார் விற்பனையாளர். இங்கே இதே வண்டிக்கு நாள் வாடகை 4,500 ரூபாய்.

பதில்: இப்போது வாங்க வேண்டாம். ஆசை தவறு என்று சொல்லவில்லை. பிள்ளைகள் பெற்றோரோடு கூடாரத்தில் தூங்க ஆசைப்படும் வயது சில ஆண்டுகள்தான்; அதற்குச் செலவு செய்வதில் எனக்கு முழுச் சம்மதம். எந்தப் பணத்தை எடுத்து, எதற்குக் கொடுக்கிறீர்கள் என்பதில்தான் என் தயக்கம்.

தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 10 முதல் 20 லட்சம் வரை விலையுள்ள கார்களுக்கு ஆயுள் வரி 18 சதவீதம். உங்கள் வண்டிக்கு அது மட்டுமே 3.51 லட்சம். காப்பீடும் மற்றவையும் சேர்ந்தால் ஆன் ரோடு விலை 24 லட்சத்தைத் தொடும். 10 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டி என்பதால் ஒரு சதவீதம் டிசிஎஸ் (விற்பவர் முன்கூட்டியே வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள்; அதை வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெற மறக்காதீர்கள். இன்னொன்று: விற்பனையாளர் அடுத்த உயர்ந்த வகைக்கு உங்களை நகர்த்தினால், விலை 20 லட்சத்தைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டினால் முழு விலைக்கும் வரி 20 சதவீதம். 20.4 லட்சம் ரூபாய் வகைக்கு வரி 4.08 லட்சம். 90,000 ரூபாய் கூடுதல் என்று சொல்லப்படுவது, உண்மையில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம்.

15 லட்சம் கடனுக்கு ஏழு ஆண்டுகளில் மாதத் தவணை சுமார் 24,100. வட்டி மட்டும் 5.27 லட்சம். வீட்டுக்கடனோடு சேர்ந்து 56,000. வருமானத்தில் கிட்டத்தட்டப் பாதி. இருவரில் ஒருவர் ஆறு மாதம் வேலைக்குப் போக முடியாமல் போனால் எப்படிச் சமாளிப்பீர்கள் என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. அவசரத் தேவைக்கென ஒதுக்கிய பணம் பற்றியும் ஒரு வரிகூட இல்லை.

என்னை அதிகம் வருத்தியது அந்த 9 லட்சம்தான். மகள் கல்லூரிக்குப் போகப் பத்து ஆண்டுகள் இருக்கின்றன. ஆண்டுக்கு 10 சதவீத வளர்ச்சி என்று வைத்துக்கொண்டால், அது 23 லட்சத்தைத் தாண்டும். இப்போது எடுத்தால் 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீத வரியாகச் சுமார் 34,000 ரூபாயும், அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் போகும். தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள்.

அடுத்து, ஃபோர் வீல் டிரைவ் உங்களுக்கு எங்கே தேவைப்படும்? காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி வண்டியை ஓட்டிச் சென்று கூடாரம் போடுவது குற்றம். கொழுக்குமலைக்கு, மூணாறு பக்கமுள்ள சூரியநெல்லியிலிருந்து உள்ளூர் ஜீப்பில்தான் ஏற வேண்டும். ஊட்டி பக்கமுள்ள அவலாஞ்சி காட்டுக்குள் வனத்துறை வாகனத்தில்தான் போக முடியும். அரசு 2024இல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' நடைப்பாதைகளுக்கு வண்டியை அடிவாரத்தில் விட்டுவிட வேண்டும். முறையாகக் கூடாரம் போட இடம் தருபவை பெரும்பாலும் தனியார் தோட்டங்கள். அவற்றில் பலவற்றுக்கும் நல்ல தார்ச்சாலை உண்டு. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளையும் உங்கள் சின்னக் காரே ஏறிவிடும். கடைசி அரை கிலோமீட்டர் மண்பாதை மோசமாக இருந்தால், தோட்டக்காரரே ஜீப் அனுப்பிவிடுவார்.

ராக்ஸ் நல்ல வண்டிதான். பாரத் என்சிஏபி என்ற விபத்துப் பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. பின்பக்கம் 447 லிட்டர் இடம் இருப்பதால் நான்கு பேரின் சாமான்களும் அடங்கும். இதன் பின்சக்கர இயக்க டீசல் வகைகள் 14, 15 லட்சம் ரூபாய் அளவிலேயே கிடைக்கின்றன. வரியையும் கணக்கிட்டால் ஐந்து லட்சத்துக்கு மேல் மிச்சம். மாருதி ஜிம்னியில் எல்லா வகைகளிலும் ஃபோர் வீல் டிரைவ் உண்டு, விலையும் குறைவு. ஆனால் நான்கு பேரும் உட்கார்ந்தால் பின்னால் 208 லிட்டர்தான். ஒரு கூடாரமும் நான்கு தூக்கப் பைகளும் வைக்கவே கூரையில் கேரியர் வேண்டும். உங்கள் குடும்பத்துக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

ஜிஎஸ்டி விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டிக்கு மேல் வசூலித்த இழப்பீட்டு செஸ் நீங்கி, இந்த வண்டிக்கு 40 சதவீத வரி மட்டும் என்றானது. விலை குறைந்தது உண்மை. ஆனால் அது பண்டிகைச் சலுகைபோல வாரக் கடைசியில் முடிந்துவிடுவதல்ல. அவசரம் விற்பனையாளருக்குத்தான்.

நீங்கள் செய்யக்கூடியது இது. மாதம் 24,000 ரூபாய் தவணை கட்டத் தயாராக இருந்தீர்கள் அல்லவா? அந்தப் பணத்தை இந்த மாதமே தனியாக எடுத்து வையுங்கள். அதில் 9,000 ரூபாய்க்கு இரண்டு நாள் வண்டியை வாடகைக்கு எடுத்துப் போய் வாருங்கள். மீதி 15,000 ரூபாயைத் தொடர் வைப்பில் போடுங்கள். இரண்டு ஆண்டில் வட்டியோடு 3.8 லட்சம் சேரும். பருவமழையும் பள்ளித் தேர்வும் குறுக்கே வரும். மாதம் ஒரு முறை என்பது ஆண்டுக்கு ஆறேழு முறையாகக் குறைந்தால் வாடகைச் செலவும் குறையும். சொந்த வண்டியாக இருந்தால், அது வீட்டு வாசலில் நிற்கும் வாரங்களிலும் தவணை ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

இரண்டு ஆண்டு கழித்தும் நான்கு பேருக்கும் இதே ஆர்வம் இருந்து, மாதாமாதம் பணம் ஒதுக்கியதில் சிரமமும் தெரியவில்லை என்றால், பழைய காரை விற்று, அந்தத் தொகையையும் சேமிப்பையும் முன்பணமாக்கிப் பின்சக்கர இயக்க வகையை வாங்குங்கள். கடன் ஐந்து ஆண்டுக்கு மேல் வேண்டாம். வண்டிக் கூரைமேல் பொருத்தும் கூடாரம், சிக்கிய வண்டியை இழுக்கும் விஞ்ச் போன்றவற்றைக் கடனில் சேர்க்காதீர்கள்; பொருத்தினால் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்துப் பாலிசியில் ஏற்றிவிடுங்கள். ஷோரூமில் சொல்லும் காப்பீட்டை அப்படியே எடுக்க வேண்டியதில்லை, வெளியிலும் விலை கேளுங்கள்.

முதல் வாடகைப் பயணம் வால்பாறைக்கே இருக்கட்டும். உயரமான வண்டி வளைவுகளில் ஆடும். பின் இருக்கையில் பிள்ளைகளுக்குத் தலைசுற்றுகிறதா என்று பாருங்கள். மனைவியையும் ஓட்டச் சொல்லுங்கள். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துள்ள வண்டியையே வாடகைக்கு எடுங்கள். வெள்ளைப் பலகைச் சொந்த வண்டியை யாராவது குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். விபத்து நேர்ந்தால் காப்பீடு மறுக்கப்படலாம்.