கொழும்புக்கு வகுப்புக்குப் போயிருக்கிறான்

அன்புள்ள ஐயா,

வலிகாமத்திலிருந்து எழுதுகிறேன். மகனுக்குப் பதினேழு வயது, ஏ.எல். படிக்கிறான். ஐஸ் என்ற போதைப்பொருள் பாவிக்கிறான் என்று அண்மையில்தான் அறிந்தோம். மூன்று இரவு நித்திரையில்லாமல் சைக்கிளைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினான். பிறகு ஒரு நாள் முழுக்க எழும்பவில்லை. நான் கை நீட்டிவிட்டேன். அன்றிரவே போய்விட்டான். ஐந்து நாள் கழித்து வவுனியா பஸ் நிலையத்தில் கண்டுபிடித்தோம். அயலுக்கு, கொழும்புக்கு வகுப்புக்குப் போயிருக்கிறான் என்று சொல்லியிருந்தோம். இப்போது அறைக்குள்ளேயே கிடக்கிறான், பேச்சில்லை. கனடாவில் மனைவியின் தமையன் இருக்கிறார். மேற்படிப்புக்கு என்று கேட்டிருக்கிறோம், விஷயத்தைச் சொல்லவில்லை. அங்கே அனுப்பினால் திருந்துவானா? நல்லூரானுக்கு நேர்த்தியும் வைத்திருக்கிறோம். எல்லாம் இந்த சினிமாவால் வந்த வினை.

பெயர் வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

சினிமாவை விடுங்கள். நேர்த்தியைத் தாராளமாக நிறைவேற்றுங்கள், அதனால் கெடுதல் இல்லை. ஆனால் ‘கொழும்புக்கு வகுப்புக்கு’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை வாசித்தபிறகு எனக்கு வேறெதுவும் ஓடவில்லை. போன மாதம்தான் என் சித்தப்பாவின் திவசம்.

1979இல் என் அண்ணனுக்கும் பதினேழு. அப்போது ஐஸும் இல்லை, ஹெரோயின் தூளும் இல்லை, கசிப்பு என்ற கள்ளச்சாராயம் இருந்தது. ஒரு நாள் அப்பாவின் பெல்ட்டுக்குப் பிறகு கொழும்புக்குப் போகும் யாழ்தேவி ரயிலில் ஏறிவிட்டான். அப்பா ஊருக்கெல்லாம் சொன்னது நீங்கள் சொன்ன அதே வசனம். கொழும்பு செட்டியார் தெருவில் கடைச் சிப்பந்தியாக இருந்த சித்தப்பாவுக்கும் அப்படியே கடிதம் போட்டார், சொந்தத் தம்பிக்கு! இரண்டு மாதம் கழித்துச் சித்தப்பா புறக்கோட்டை பஸ் நிலையத்தில் அண்ணனைக் கண்டிருக்கிறார். அழுக்குச் சேட்டு, ஒரு காலில் மட்டும் செருப்பு. ‘வகுப்பு முடிஞ்சுதோடா, அப்பா சுகமோ’ என்று கேட்டு, பத்து ரூபாயைக் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். செருப்பு அறுந்துவிட்டது, பாவம், வாங்கட்டும் என்று நினைத்தாராம். அண்ணன் வீடு வந்துசேர மேலும் ஒரு வருடம் ஆனது. வந்தது பாதி ஆள். ‘ஒரு வரி உண்மை எழுதியிருந்தால் அவன்ர கையைப் பிடிச்சிருப்பன்’ என்று சித்தப்பா சாகும்வரை சொன்னார். அப்பா ஒரு முறையும் பதில் சொல்லவில்லை.

ஐந்து நாள், ஐயா! உங்கள் அயலில் ஒரு பஸ் கண்டக்டரும் இல்லையா? வவுனியாவில் ஒரு சொந்தக்காரரும் இல்லையா? பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ‘வருத்தம்’ என்று நாலு வீட்டுக்குச் சொல்லி, குடிநீர் வாங்கி வருகிறோம். இதுவும் வருத்தம்தான். இதற்கு மட்டும் ஏன் படலையைச் சாத்துகிறீர்கள்? மானம் என்பீர்கள். அடிக்கும்போது அயலுக்குக் கேட்காமலா அடித்தீர்கள்?

சட்டத்துக்குப் பயம் என்றால் அது எனக்கு விளங்குகிறது. 2022இல் திருத்திய சட்டப்படி 5 கிராம் ஐஸுக்கு மரண தண்டனை வரை போகலாம். ஆனால் ஆஸ்பத்திரி பொலிஸ் நிலையம் அல்ல. யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு கேட்கமாட்டார்கள். நாளைக்கே கூட்டிப் போங்கள். 1927 போதைப்பொருள் ஆலோசனைக்கு, 1926 மனநலத்துக்கு, பதினெட்டு ஆகாத பிள்ளை என்பதால் சிறுவர் உதவிக்கான 1929உம் உண்டு. ஹெரோயினுக்கு இருப்பதுபோல ஐஸுக்கு மாற்று மருந்து கிடையாது. விட்டவன் நாட்கணக்கில் தூங்குவான், கண்டதையெல்லாம் தின்பான், எதிலும் மனம் ஒட்டாது. செத்துப்போகலாம் என்றுகூடத் தோன்றும். அறைக்குள் அவன் பேசாமல் கிடப்பது கொழுப்பால் அல்ல. தனியே விடாதீர்கள். கதவுக்கு வெளியே கதிரை போட்டு இருங்கள், புத்தி மட்டும் சொல்லாதீர்கள்.

கனடாவைக் கேட்டிருந்தீர்கள். அங்கே ஐஸ் கிடைக்காது என்று யார் சொன்னது? அதைவிட, உங்கள் மைத்துனர் விமான நிலையத்தில் யாரை வரவேற்கப் போகிறார், படிக்க வரும் மருமகனையா? அவரையும் என் சித்தப்பாவைப் போலப் பத்து ரூபாயோடு நிறுத்திவைக்கிற வேலை இது.

இங்கே இரவு எட்டு மணிக்கு அங்கே காலை. இன்றைக்கே மைத்துனரை அழையுங்கள். ‘மகனுக்கு வருத்தம்’ என்று தொடங்குங்கள்.