சென்னை வெயிலுக்கு ஏற்ற மெல்லிய வாசனைத் திரவியம் எது?

கேள்வி: எனக்கு வயது 31. தாம்பரம் பக்கத்தில் இருந்து மின்சார ரயிலிலும், இறங்கிய பின் ஷேர் ஆட்டோவிலும் அலுவலகம் செல்கிறேன். கோடைக்காக, ‘டிராப்பிக்கல்’ என்று பெயரிட்டு தேங்காய், வனிலா மணத்துடன் விற்கும் ஒரு சென்ட் வாங்கினேன். கடையில் முகர்ந்தபோது இதமாக இருந்தது. வேலைக்குப் போய்ச் சேர்வதற்குள் எனக்கே குமட்டுகிறது, பக்கத்து இருக்கையில் இருப்பவர் தலைவலி என்கிறார். அதற்கு முன் வாங்கிய எலுமிச்சை மணம் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. மெல்லியதாகவும் மாலை வரை நிற்பதாகவும் ஒன்று உண்டா? கழுத்தில் தெளித்துக்கொண்டு வெயிலில் நடக்கலாமா?

பதில்: உங்கள் இரண்டு மனக்குறைகளுக்கும் காரணம் ஒன்றுதான். ஒரு சீசாவில் இருக்கும் மணப்பொருட்கள் எல்லாம் ஒரே வேகத்தில் ஆவியாவதில்லை. எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமோட் (எலுமிச்சை இனத்துப் பழம்) போன்றவற்றின் பழத்தோல் எண்ணெய்கள் முதலில் பறந்துவிடும். பூக்களின் மணம் அடுத்து வரும். வனிலா, மஸ்க் (கஸ்தூரி மணம்), மரப்பிசின் போன்றவை கடைசிவரை தோலில் தங்கும். குளிரூட்டிய கடையில் இந்த வரிசை நிதானமாக நடக்கிறது. மே மாதத்து நடைமேடையில் நிற்கும்போதோ, முதலில் வரவேண்டியது வந்த சுவடு தெரியாமல் போய்விடுகிறது. குளிரில் தோலோடு ஒட்டி அடங்கிக் கிடந்திருக்க வேண்டிய கனமான இனிப்பு, சூட்டினால் கிளர்ந்து முழுவீச்சில் மேலெழுகிறது. எலுமிச்சை மறைந்ததும் வனிலா குமட்டியதும் இந்த ஒரே சூட்டின் வேலை.

‘டிராப்பிக்கல்’ என்ற பெயரை நம்பி வாங்கியது உங்கள் தவறன்று. ஆனால் அந்தப் பெயர் பெரும்பாலும் குளிர்நாட்டில் இருப்பவர்களின் கடற்கரைக் கனவைக் குறிக்கிறது, வெப்பநாட்டில் வாழ்பவர்களின் தேவையை அன்று. அந்தச் சீசாக்களில் தேங்காய் மணத்தைத் தருவது பெரும்பாலும் காமா நோனாலாக்டோன் என்னும் பொருள். அதனுடன் வனிலா மணம் தரும் வனிலினும், காய்ச்சிய சர்க்கரை மணமுள்ள எத்தில் மால்டாலும், இலாங் இலாங் பூவும் சேரும். டஹிட்டி மக்கள் தியாரே பூவைத் தேங்காயெண்ணெயில் ஊறவைத்து உடலுக்கும் தலைக்கும் பூசிக்கொள்ளும் மொனோய் இதமான பொருள்தான். அதன் சாயலில் ஆல்கஹாலில் செறிவாகக் கலந்து விற்கப்படுவதை மூடிய ரயில் பெட்டியில் தாங்குவது கடினம். வெயிலோடு பழகிய நம்மவர்கள் குளிர்ச்சியை நினைவூட்டும் மணத்தையே நாடினார்கள்: பானைத் தண்ணீரில் வெட்டிவேர், வரவேற்பில் பன்னீர், நெற்றியில் சந்தனம். கோடைக்குத் தேர்ந்தெடுக்கும்போது இந்தப் பழக்கத்தையே வழிகாட்டியாகக் கொள்ளுங்கள்.

மெல்லியது என்றால் நீர்த்தது என்று பலர் எண்ணுகிறார்கள். சீசாவின் மேல் எழுதியிருக்கும் ‘ஓ டி கொலோன்’ என்பதில் ஏறத்தாழ 2 முதல் 5 சதவீதமும், ‘ஓ டி டாய்லெட்’ என்பதில் 5 முதல் 15 சதவீதமும், ‘ஓ டி பர்ஃபம்’ என்பதில் 15 முதல் 20 சதவீதமும் மணப்பொருள் இருப்பது வழக்கம். ஆனால் இந்த எண் அளவைச் சொல்கிறதே அன்றி, கனத்தைச் சொல்வதில்லை. வனிலாவில் மிதக்கும் ஓ டி டாய்லெட் மூச்சை அடைக்கலாம். வெட்டிவேரும் தேயிலை மணமும் கொண்ட ஓ டி பர்ஃபம் காற்றைப் போல இருக்கலாம். ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, ‘மூன்று மணி நேரம் கழித்துத் தோலில் என்ன மிஞ்சுகிறது?’ என்பதுதான். மிஞ்சுவது வறண்டதாகவும் இனிப்பற்றதாகவும் இருந்தால் அது நம் கோடைக்கு ஒத்துவரும்.

இந்த இடத்தில் வெட்டிவேரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு நான் அறிந்த மிகச் சிறந்த பதில் அதுதான். உலகெங்கும் வாசனைத் துறையினர் ‘வெட்டிவர்’ என்று சொல்லும் சொல்லே தமிழிலிருந்து பிரெஞ்சு வழியாகப் போனது. நம் கடலூர் மாவட்டத்துக் கடலோர மணலில் இது இன்றும் பயிராகிறது; ஹைத்தியும் ஜாவாவும் இதன் எண்ணெய்க்குப் பெயர்பெற்றவை. வேரிலிருந்து வடிக்கும் இந்த எண்ணெய், மணப்பொருட்களில் மிக மெதுவாக ஆவியாகும் வகையைச் சேர்ந்தது. ஆனாலும் அதில் இனிப்பு இல்லை, முதல் மழையில் நனைந்த மண்ணும் பச்சைப் புல்லும் கலந்த ஒரு வறண்ட குளிர்ச்சிதான் இருக்கிறது. நிற்கவும் வேண்டும், உறுத்தவும் கூடாது என்ற இரு நிபந்தனைகளையும் இயற்கையாகவே நிறைவு செய்யும் பொருட்கள் மிகச் சில. அவற்றுள் இதை முதலில் வைப்பேன். அத்தர் விரும்பினால், உத்தரப் பிரதேசத்துக் கன்னோசியில் செப்புப் பாத்திரங்களில் வடிக்கும் ரூஹ் கஸ் என்பது வெட்டிவேர் எண்ணெய்தான். செம்பின் சேர்க்கையால் அது பச்சை நிறம் பெறுகிறது. ஆல்கஹால் இல்லாததால் குச்சியால் தொட்டு ஒரு துளி வைத்தாலே போதும். ஆண்களுக்கான சென்ட் வரிசையில் வெட்டிவேரை அடுக்குவது கடைக்காரர்களின் பழக்கம்; நீங்கள் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

பூமணம் இல்லாமல் மனம் நிறையாது என்றால், எந்தப் பூ என்பதில் கவனம் தேவை. மல்லிகையிலும் ஜாதிமல்லியிலும் இண்டோல் என்ற பொருள் இயற்கையாகவே உண்டு. மாலை நேரத்து மல்லிகைக்கு அந்த மயக்கத்தைத் தருவதில் அதற்குப் பங்குண்டு, சூட்டில் அடைத்துக்கொள்வதும் அதனால்தான். சம்பங்கி இன்னும் கனமானது. பகல் வேளைக்கு, பூவின் காற்றோட்டமான பக்கத்தை மட்டும் தரும் ஹெடியோன் என்னும் பொருளைத் தாராளமாகக் கொண்ட கலவைகள் பொருந்தும். 1960களில் வழக்கத்துக்கு வந்த இந்தப் பொருள் இன்று பெரும்பாலான மென்மணங்களில் இருக்கிறது. கடையில் ஹெடியோன் என்று கேட்டால் விளங்காது. ‘எலுமிச்சையும் வெள்ளைப் பூவும் பச்சைத்தேயிலையும்’ என்று கேளுங்கள். தலையில் மல்லிகைச் சரம் வைக்கும் நாளில் சீசாப் பூமணம் வேண்டவே வேண்டாம். அன்றைக்கு வெட்டிவேர் ஒன்றே சரத்துக்குத் துணை நிற்கும்.

பெயர் சொல்லியே கேட்பீர்கள் என்பதால் சிலவற்றைக் குறிப்பிடுகிறேன். எலிசபெத் ஆர்டெனின் ‘கிரீன் டீ’ (1999) விலை குறைவானது, இனிப்பு மிகாதது. அதிக நேரம் நிற்காது என்பதால் மதியம் ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருக்கும். டோல்சே அண்டு கபானாவின் ‘லைட் ப்ளூ’ (2001) எலுமிச்சை, ஆப்பிள், தேவதாரு ஆகியவற்றால் ஆனது. தெளிக்கும் அளவில் மட்டும் கட்டுப்பாடு தேவை. வாசனைக் கலைஞர் ழான்-கிளோத் எலெனா கேரளத்து மழைக்காலத்தை மனத்தில் கொண்டு ஹெர்மெஸ் நிறுவனத்துக்காக 2008இல் உருவாக்கிய ‘அன் ழார்தேன் அப்ரே லா மூசோன்’ இஞ்சி, ஏலக்காய், வெட்டிவேர் ஆகியவற்றின் ஈரக் குளிர்ச்சியைக் கொண்டது; விலை அதிகம், ஆனால் நம் பருவநிலையைப் புரிந்துகொண்டு செய்யப்பட்டது என்று எனக்குத் தோன்றிய மிகச் சில மணங்களுள் ஒன்று.

எதை வாங்கினாலும் அட்டையில் முகர்ந்து முடிவெடுக்காதீர்கள். அட்டைக்கு உடற்சூடும் வியர்வையும் இல்லை. மதிய வெயில் வேளையில் கடைக்குச் சென்று, ஒரு முழங்கைக்கு ஒன்றாக இரண்டை மட்டும் தெளித்துக்கொண்டு, பணம் கொடுக்காமல் வெளியே வந்துவிடுங்கள். வீடு வந்து சேர்ந்தபின் எது பிடித்திருக்கிறதோ அதை மறுநாள் வாங்கலாம்.

வெயிலில் கழுத்தைப் பற்றிக் கேட்டது மிக முக்கியமான கேள்வி. பெர்கமோட், எலுமிச்சை ஆகியவற்றின் தோலைப் பிழிந்தெடுக்கும் எண்ணெய்களில் பெர்காப்டென் போன்ற பொருட்கள் உண்டு. அவை தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் சிவந்து, பிறகு வழிந்த துளியின் வடிவிலேயே பழுப்புத் தழும்பாகி மாதக்கணக்கில் நிற்கலாம். பெரிய நிறுவனங்கள் இவற்றை நீக்கியோ வரம்புக்குள் அடக்கியோ பயன்படுத்துகின்றன. ஆனாலும் சொந்தமாகக் கலந்தவற்றையும் சுத்த எண்ணெய்களையும் வெயில் படும் இடத்தில் பூசாதீர்கள். கழுத்தில் ஏற்கெனவே கருமை தெரிந்தால், சென்டை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

குளித்துத் துவட்டி, மணமில்லாத மாய்ஸ்சரைசர் தடவி, ஆடைக்குள் மறையும் தோளிலோ வயிற்றிலோ இரண்டு தெளிப்பு போதும். பருத்தித் துப்பட்டாவின் உட்புற ஓரத்தில் ஒன்று தெளித்தால், உடற்சூடு நேரடியாகப் படாததால் அது தோலைவிட நெடுநேரம் நிற்கும். பட்டிலும் வெளிர் நிறத் துணியிலும் கறை படியலாம். வியர்த்த உடலின் மேல் சென்ட் தெளிப்பது வியர்வை நாற்றத்தோடு கலந்து புதியதொரு நாற்றத்தையே உண்டாக்கும். முகத்தையும் கையையும் கழுவித் துடைத்த பிறகே புதுப்பிக்க வேண்டும். உங்கள் மூக்குக்கு மணம் தெரியவில்லை என்பதாலேயே அது போய்விட்டதாக முடிவு கட்டாதீர்கள். ஒரே மணத்தில் இருக்கும் மூக்கு சிறிது நேரத்தில் அதை உணர்வதை விட்டுவிடும், அருகில் இருப்பவருக்கோ அது தெரிந்துகொண்டே இருக்கும். மறுபடி தெளிப்பதற்கு முன் அந்தச் சக ஊழியரையே கேட்டுவிடுங்கள்.

இப்போது வைத்திருக்கும் தேங்காய் வனிலாச் சீசாவைத் தூக்கி எறிய வேண்டாம். குளியலறையிலும் ஜன்னலோரத்திலும் வைக்காமல், மூடியை இறுக்கி, அட்டைப் பெட்டியோடு துணி அலமாரியின் இருட்டில் வையுங்கள். மார்கழி இரவிலோ குளிரூட்டிய திருமண மண்டபத்திலோ ஒரே ஒரு தெளிப்பில், கடையில் உங்களை ஈர்த்த அந்த இதம் மீண்டும் கிடைக்கும்.