ஒரு சிலிண்டர் மிஸ் அடித்தால் நாலு இன்ஜெக்டரையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து பாலக்காட்டுக்குக் காய்கறி ஏற்றுகிறேன். வண்டி 2018 மாடல், நாலு சிலிண்டர் சிஆர்டிஐ (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் அதிக அழுத்தத்தில் டீசல் பீய்ச்சும்) டீசல் பிக்கப். 1,90,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டு வாரமாக விடியற்காலையில் ஸ்டார்ட் செய்தால் வண்டி ஆடுகிறது, மிஸ் அடிக்கிறது, வெள்ளைப் புகை வருகிறது. சூடானால் கொஞ்சம் குறைகிறது, ஆனால் மேட்டில் லோடு இழுக்கவில்லை. ஸ்கேன் செய்த மெக்கானிக், மூன்றாவது சிலிண்டர் என்று கோடு (கோளாறு எண்) காட்டுகிறது, டீசலைப் பீய்ச்சும் நாலு இன்ஜெக்டரையும் மாற்றிவிடலாம், 68,000 ரூபாய் ஆகும் என்கிறார். இன்னொருவர் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்க வேண்டும் என்கிறார். தவணை இன்னும் முடியவில்லை. யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம். இருவருமே வண்டியை முழுதாகச் சோதிக்காமல் வேலையைச் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் அந்தக் கோடு என்ன எண் என்று கேட்டு வாங்குங்கள். பி0303 என்றால் மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். ஏன் எரியவில்லை என்பது ஸ்கேனருக்குத் தெரியாது. பி0203 என்றால் மூன்றாவது இன்ஜெக்டருக்குப் போகும் மின்சுற்றில் கோளாறு. அதற்கு ஒயர் உரசியிருக்கலாம், கனெக்டர் தளர்ந்திருக்கலாம், எலி கடித்திருக்கலாம். காய்கறி வண்டியில் எலி ஏறுவது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்த ஒரு எண்ணைக் கேட்காமல் இன்ஜெக்டர் மாற்றிவிட்டு, அதே மிஸ்ஸிங்கோடு திரும்பி வந்த வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

டீசல் இன்ஜினில் பிளக் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் காற்றை நெருக்கும்போது வரும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. காலைக் குளிரில் ஒரு சிலிண்டரில் மட்டும் சூடு போதவில்லை என்றால் எரியாத டீசல் வெள்ளைப் புகையாக வெளியே வரும், கண் எரியும். இன்ஜின் சூடானதும் அதே சிலிண்டர் ஓரளவு பிடித்துக்கொள்ளும். நீங்கள் சொல்வது அப்படியே இதுதான். ஆனால் ரேடியேட்டர் தண்ணீர் தினமும் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் மேல் சந்தேகம் வரும், அந்த இரண்டாவது ஆள் சொன்னதில் நியாயம் உண்டு.

தண்ணீர் குறையவில்லையா? அப்படியானால் செலவில்லாத இடத்திலிருந்து தொடங்குவோம். டீசல் ஃபில்டரில் தேங்கிய தண்ணீரை வெளியே இறக்குங்கள். குளிரில் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கில் மூன்றாவதைச் சோதிக்கச் சொல்லுங்கள். பிறகு மேல் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, இன்ஜெக்டர் ஹெட்டுக்குள் இறங்கும் இடத்தைப் பாருங்கள். மற்ற மூன்றும் காய்ந்திருக்க, மூன்றாவதன் அடியில் மட்டும் காய்ந்த தார் மாதிரி கறுப்பாக, கெட்டியாக அப்பியிருந்தால், அடியில் இருக்கும் செப்பு வாஷர் போய்விட்டது. கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் நெருக்கிய காற்று, அந்த வழியாகக் கசிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்து காது கொடுத்தால் 'சக் சக்' என்று காற்று அடிக்கும் சத்தம்கூடக் கேட்கும். இன்ஜெக்டர் விலையோடு பார்த்தால் அந்த வாஷருக்கு ஒரு விலையே இல்லை. உட்காரும் இடத்தைச் சுத்தமாகச் சுரண்டி, புது வாஷர் போட்டு, டார்க் (முறுக்கும் அளவு) பார்த்து முறுக்க வேண்டும். பழைய வாஷரையே திருப்பிப் போட விடாதீர்கள்.

அங்கே சுத்தமாக இருந்தால் ரிட்டர்ன் டெஸ்ட். நாலு இன்ஜெக்டரிலிருந்தும் மிச்ச டீசல் திரும்பும் ரிட்டர்ன் குழாய்களையும் நாலு சின்ன பாட்டில்களில் விட்டு, வண்டியைச் சில நிமிடம் ஐடிலில் ஓட விட வேண்டும். தேய்ந்த இன்ஜெக்டரின் பாட்டில் மட்டும் சீக்கிரம் நிறையும். இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம், படிப்பு தேவையில்லை. அதிலும் வித்தியாசம் இல்லை என்றால்தான் கம்ப்ரஷன் கேஜ் மாட்ட வேண்டும். மூன்றாவது மட்டும் மற்றவற்றைவிட நன்றாகக் குறைவாகக் காட்டினால், அதற்குப் பிறகு ஹெட்டைப் பற்றிப் பேசலாம்.

இங்கே ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய மெக்கானிக்குகள் இன்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப் நட்டையும் ஸ்பேனரால் தளர்த்திப் பார்ப்பார்கள். எந்த நட்டைத் தளர்த்தினால் சத்தம் மாறவில்லையோ அந்த சிலிண்டர்தான் செத்தது. பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளில் இது சரியான முறை, நானும் அப்படித்தான் கற்றேன். உங்கள் வண்டியில் இதைச் செய்யவே கூடாது. லாரி டயரில் இருப்பது சுமார் 8 பார் அழுத்தம். சிஆர்டிஐ குழாயில் ஐடிலிலேயே சில நூறு பார், லோடில் 1,600 பார் வரை போகும். அந்த டீசல் ஊசி முனைபோலப் பீய்ச்சித் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே தெரிவது ஒரு சின்னப் புள்ளி, முதலில் வலிகூட அதிகம் இருக்காது. சில மணி நேரத்தில் கை வீங்கும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். யாருக்காவது அப்படிப் பட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு உட்காராமல், உள்ளே டீசல் ஏறிவிட்டது என்று சொல்லி உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஓடும்போது இன்ஜெக்டர் கனெக்டரைப் பிடுங்கிப் பார்ப்பதும் வேண்டாம். அதில் பேட்டரியைவிட அதிக வோல்டேஜ் வருகிறது. சிலிண்டரை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க ஸ்கேனரிலேயே வசதி இருக்கிறது.

இன்ஜெக்டர்தான் என்று உறுதியானால் அந்த ஒன்றை மட்டும் கழற்றி இன்ஜெக்டரைச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்ச் இருக்கும் டீசல் சர்வீஸ் கடைக்கு நீங்களே கொண்டுபோங்கள். 'நான் நாலையும் எக்ஸ்சேஞ்சில் வாங்கித் தருகிறேன்' என்று நடுவில் வரும் ஆளிடம் கொடுக்காதீர்கள். உங்களுடைய நல்ல மூன்று இன்ஜெக்டரும் அவர் கைக்குப் போய், துடைத்துப் பளபளப்பாக்கிய யாரோ ஒருவருடைய தேய்ந்த நான்கு உங்கள் வண்டிக்கு வரலாம். கழற்றும் முன் ஒவ்வொன்றின் தலையிலும் இருக்கும் எண்ணை போனில் படம் எடுங்கள். பெஞ்சில் வந்த அளவைத் தாளில் அச்சடித்து வாங்குங்கள். மாற்றிய பழையதை உங்கள் கையில் தரச் சொல்லுங்கள். தரத் தயங்குகிற கடையில் வேலையே கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, புது இன்ஜெக்டரின் தலையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு கோடு இருந்தால் அதை ஸ்கேனரால் இசியூவில் (இன்ஜின் கம்ப்யூட்டரில்) ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் டீசல் அளவு கொஞ்சம் முன்பின்னாகப் போய், வண்டி மறுபடியும் ஆடும். பல பட்டறைகளில் இதைச் செய்வதில்லை. அவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கோடு ஏற்றும் ஸ்கேனரையும் சர்வீஸ் விவரங்களையும் பல கம்பெனிகள் தங்கள் டீலர்களுக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொள்கின்றன. வண்டியை மட்டும் ஊர் ஊராக விற்கிறார்கள். ஊர் மெக்கானிக் என்ன செய்வார், பாகத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பார். அந்தப் பரிசோதனைக்குப் பணம் கட்டுவது உங்களைப் போலத் தவணை கட்டுகிறவர்.

சோதனை முடியும் வரை லோடு ஏற்றாதீர்கள். எரியாத டீசல் சிலிண்டர் சுவரைக் கழுவி ஆயிலில் இறங்கும். நாளைக் காலை ஸ்டார்ட் செய்யும் முன் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஆயில் அளவு ஏறியிருந்தாலோ டீசல் வாடை அடித்தாலோ, வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகக்கூட வேண்டாம். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.