இலங்கையில் கடைக் குத்தகையைக் கை மாற்றுவது: கேள்வி பதில்

கல்லடியிலிருந்து: அஞ்சு வருடக் குத்தகை, ரெண்டு வருடம் போயிட்டு. மிச்சத்தை மச்சானுக்குக் குடுக்கணும். உப குத்தகை நல்லமா, பெயரை மாத்துறது நல்லமா?

பதில்: உப குத்தகை, அதாவது உங்கள் குத்தகைக்குக் கீழே மச்சானுக்கு இன்னொரு குத்தகை, கொடுத்தால் கட்டட உரிமையாளருக்கு வாடகை கட்டும் பொறுப்பு உங்கள் தலையில்தான் இருக்கும். மச்சான் கட்டாமல் விட்டால் வழக்கு உங்கள் மேல் வரும், உறவும் போகும். குத்தகையையே மாற்றினால் மிச்சக் காலம் முழுவதும் அவருக்குப் போகும். ஆனால் உரிமையாளர் உங்களை எழுத்தில் விடுவிக்காத வரை பழைய பொறுப்பு உங்களை விடாது. கடையை விட்டு முற்றாக விலகுவதென்றால் மூன்று பேரும் கையெழுத்திடும் மாற்று உறுதிப் பத்திரம்தான் சரி.

முதலில் உங்கள் குத்தகை உறுதியை வாசியுங்கள். உப குத்தகை கூடாது என்று எழுதியிருந்தால் சம்மதம் இல்லாமல் அசையாதீர்கள். ஒன்றும் எழுதாமல் இருந்தால், கட்டடங்களைப் பொறுத்தவரை நம் நாட்டின் பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டம் உப குத்தகைக்கு இடம் தருகிறது. ஆனால் 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டத்துக்குள் வரும் கடை என்றால் கதை வேறு. முன்கூட்டிய எழுத்துச் சம்மதம் இல்லாவிட்டால் உங்களையும் மச்சானையும் சேர்த்தே வெளியேற்றக் கேட்டு வழக்குப் போடலாம். அந்தச் சட்டம் எல்லாக் கடைக்கும் பொருந்தாது. உங்கள் கடைக்குப் பொருந்துமா என்பதைச் கட்டடத்துக்கு உள்ளூராட்சிச் சபை அறவிடும் சோலைவரியின் பற்றுச்சீட்டோடு போய்ச் சட்டத்தரணியிடம் கேளுங்கள். பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும் சம்மதக் கடிதம் வாங்குங்கள். அதில் கடையின் வரிமதிப்பு இலக்கம், மச்சானின் அடையாள அட்டை இலக்கம், காலம், என்ன வியாபாரம் ஆகிய நான்கும் இருக்க வேண்டும்.

அதிகம் சண்டை வருவது முற்பணத்தில். நீங்கள் கொடுத்த முற்பணம் உரிமையாளரிடம் கிடக்கிறது, மச்சான் அதே தொகையை உங்களிடம் தருகிறார். முடிவில் உரிமையாளர் யாருக்குத் திருப்பிக் கொடுப்பார்? “இன்று முதல் இந்தத் தொகையைப் புதியவர் பேரில் வைத்திருக்கிறேன்” என்று அவர் அதே உறுதியில் எழுதித் தர வேண்டும். வாய்ப்பேச்சு வேண்டாம்.

உப குத்தகைதான் என்றால் அது மூலக் குத்தகையைத் தாண்டிப் போக முடியாது. கடைசி நாளுக்குச் சில நாள் முன்னதாகவே முடியும்படி எழுதுங்கள். கடையைக் காலி பண்ணி ஒப்படைக்க அவகாசம் வேண்டும்.

காத்தான்குடியிலிருந்து: 11 மாதத்துக்கு எழுதினா நொத்தாரிசு தேவையில்லையாமே?

பதில்: இந்தியாவில் ஒரு வருடத்தைத் தாண்டிய குத்தகையைப் பதிய வேண்டும், அதனால் அங்கே 11 மாதம் எழுதுகிறார்கள். நமக்கு எல்லை ஒரு மாதம். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டத்தின் 2 ஆம் பிரிவுப்படி, ஒரு மாதத்தைத் தாண்டினால், உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்த அதிகாரம் பெற்றவரான நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூட இருக்கக் கையெழுத்திட வேண்டும். உப குத்தகைக்கும் மாற்றத்துக்கும் இதே விதிதான்.

ஏறாவூரிலிருந்து: எல்லாரும் அப்படித்தானே செய்றாங்க? சாட்சி ரெண்டு, முத்திரையும் ஒட்டியிருக்கு.

பதில்: முத்திரை ஒட்டினால் வரி கட்டியதாகும், உறுதி ஆகாது. அந்தத் தாள் குத்தகையாகச் செல்லாது. நீங்கள் மாதா மாதம் வாடகை கட்டியிருந்தால் மாத வாடகைக்காரர் மட்டும். வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லாத கடை என்றால் ஒரு மாத அறிவித்தலோடு உங்களை எழுப்பலாம்.

ஏறாவூர் மறுபடியும்: மூணு வருட வாடகை முன்கூட்டியே கட்டிட்டன். பற்றுச்சீட்டு இருக்கு. அது காணாதா?

பதில்: பணத்தைத் திருப்பிக் கேட்க அந்தப் பற்றுச்சீட்டு உதவும். மூன்று வருடம் கடையில் இருக்க உதவாது. உரிமையாளர் நல்லவர் என்று அடுத்து எழுதப் போகிறீர்கள். அவர் நல்லவராக இருக்கும்போதே நொத்தாரிசிடம் கூட்டிப் போங்கள்.

செங்கலடியிலிருந்து: வெள்ளைத் தாளில் எழுதி ஜே.பி. ஒப்பம் வாங்கினா?

பதில்: சமாதான நீதவான் நொத்தாரிசு அல்ல. மேலே காத்தான்குடிக்கும் ஏறாவூருக்கும் சொன்ன பதில்களை வாசியுங்கள்.

வாழைச்சேனையிலிருந்து: கட்டடத்தை வித்துட்டாங்க. புது ஆள் எழும்பச் சொல்றார்.

பதில்: விற்பனைக்கு முன்பே உங்கள் குத்தகை உறுதி காணிப் பதிவகத்தில் பதிவாகியிருந்தால், வாங்கியவரும் குத்தகைக் காலம் முடியும்வரை பொறுக்க வேண்டும். பதியாமல் விட்டிருந்தால், அவர் தன் உறுதியை முந்திப் பதிந்து உங்களுடையதைத் தோற்கடிக்கப் பார்ப்பார். நொத்தாரிசு முடித்துத் தந்ததோடு வேலை முடிந்ததென்று நினைக்காமல், பதிவேட்டின் பிரதியை எடுத்துப் பாருங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து: சந்தைக் கடையை 'கீ மணி' வாங்கி மாத்தலாமா?

பதில்: உள்ளூராட்சிச் சபையின் கடை என்றால் சபைக்கு விண்ணப்பியுங்கள். 'கீ மணி' என்று உங்களுக்குள் பேசிக் கை மாறும் பணத்தைச் சபை கணக்கில் எடுக்காது.

மத்தியமுகாமிலிருந்து: அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில குடுத்த காணியில கட்டின கடையை வாடகைக்கு எடுத்தவர் எனக்கு உப குத்தகை தாறார்.

பதில்: முதலில் அவருடைய குத்தகைக்குப் பிரதேச செயலாளரின் எழுத்து அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அரச காணி என்பதால் 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வெளியேறும் அறிவித்தல் வரலாம். மறுகா நீதவான் நீதிமன்றத்தில், அரசு தந்த செல்லுபடியாகும் அனுமதியைக் காட்டத்தான் உங்களுக்கு இடமுண்டு.

கல்முனையிலிருந்து: முதல் குத்தகைக்காரர் ராவோட ராவா என்ட கடைக்குப் பூட்டுப் போட்டுட்டார்.

பதில்: பூட்டை உடைக்க வேண்டாம். இன்றே பொலிஸில் முறைப்பாடு பதியுங்கள், சட்டத்தரணியைப் பிடியுங்கள். 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவில், கடையைத் திரும்பக் கேட்டு நீதிமன்றம் போகலாம். வெளியேற்றப்பட்டு இரண்டு மாதத்துக்குள் நீதிமன்றத்துக்குத் தகவல் போக வேண்டும். மின்சாரப் பட்டியல், கொள்வனவுச் சிட்டை, வேலையாட்களின் சத்தியக்கடதாசி என்று நீங்கள் உள்ளே இருந்ததைக் காட்டும் எல்லாவற்றையும் சேருங்கள்.

களுவாஞ்சிகுடியிலிருந்து: குத்தகையோட வியாபார உரிமமும் மாறுமா? வருமான வரி எப்பிடி?

பதில்: மாறாது. புதியவர் தன் பேரில் பிரதேச சபையில் உரிமமும், பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவும் எடுக்க வேண்டும். கையளிக்கும் நாளில் மின்மானி, நீர்மானி எண்களைப் படமெடுத்து இருவரும் ஒப்பமிடுங்கள். வரிக்குக் கணக்காளரிடம் போங்கள்.