மண்ணில் வைரஸ் தேடும் படிப்பு வேலைக்கு ஆகுமா?

உயிரியல் படிக்க அமெரிக்கா போன மகள் முதல் வருடமே மண்ணைக் கிளறி வைரஸ் தேடுகிறாள், இதனால் என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். அது சீ-பேஜஸ் என்ற பாடம்; முதல் வருட மாணவர்களே மண்ணிலிருந்து புது வைரஸைப் பிரித்தெடுத்து ஆராய்வது. ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனத்தின் ஆதரவில் 2008 முதல் நடக்கிறது. பயம் வேண்டாம். அவள் தேடும் வைரஸுக்குப் பேஜ் என்று பெயர், அது பாக்டீரியாவை மட்டுமே தாக்கும். அதை வளர்க்கப் பல கல்லூரிகளில் பயன்படும் மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாடிஸ் என்ற பாக்டீரியா, காசநோய்க் கிருமிக்குச் சொந்தம்தான், ஆனால் சாது.

மண்ணைத் திரவ ஊடகத்தில் குலுக்கி, 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடித்து, அரை மில்லி பாக்டீரியாவுடன் பத்து நிமிடம் வைப்பார்கள். பிறகு மேல் அகார் எனும் உருகிய ஜெல்லியில் கலந்து பிளேட்டில் ஊற்றி 37 டிகிரியில் ஓரிரு நாள். பாக்டீரியாப் படலத்தில் ஓட்டை விழுந்தாற்போல் தெளிந்த புள்ளி தெரிந்தால் அங்கே பேஜ் இருக்கலாம். காற்றுக்குமிழியும் அப்படித்தான் தெரியும். மறுபடி வளர்த்துப் பார்த்தால்தான் உறுதி.

முதல் பிளேட்டில் ஒன்றுமே வராமல் மகள் அழுதுகொண்டு போன் செய்தால் பதற வேண்டாம், அது சகஜம். கால்சியம் சேர்க்க மறந்திருக்கலாம். பாக்டீரியா கட்டிதட்டாமல் இருக்கப் போடும் ட்வீன் என்ற சோப்பு போன்ற பொருள் மிஞ்சியிருந்தால் பேஜ் ஒட்டாது. அகார் சூடாக இருந்தால் பாக்டீரியா செத்துவிடும், ஆறிவிட்டால் கட்டிதட்டும்.

தென்னாப்பிரிக்காவில் 2010இல் அழுகிய கத்தரிக்காயில் ஒரு மாணவி எடுத்த 'மடி' என்ற பேஜ், 2018இல் லண்டனில் மருந்துக்குப் பணியாத தொற்றால் தவித்த சிறுமியின் சிகிச்சைக்குப் போனது. ஆனால் எல்லார் பேஜுக்கும் அந்த யோகம் வாய்க்காது. அதை நம்பிச் சேர வேண்டாம்.

வேலைக்கு உதவுவது இரண்டாவது செமஸ்டர். பேஜின் டிஎன்ஏவில் ஒவ்வொரு மரபணுவும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கணினியில் குறிக்கும் வேலை அது. சலிப்பாக இருக்கிறதென்று பலர் முதல் செமஸ்டரோடு விலகுகிறார்கள்; தவறு. ரெஸ்யூமேயில் "பேஜ் கண்டுபிடித்தேன்" என்ற வரி மட்டும் போதாது. நேர்முகத்தில் கணக்குக் கேட்பார்கள்: லட்சத்தில் ஒரு பங்காக நீர்த்த கரைசலில் 10 மைக்ரோலிட்டர் ஊற்றி 42 புள்ளி வந்தால், மூலக் கரைசலில் மில்லிக்கு எத்தனை பேஜ்? 42 கோடி. நோட்டுப் புத்தகத்தை அன்றன்றே எழுதியவளுக்கு இது தண்ணீர் பட்ட பாடு.

இன்னொன்று. ஆர்இயு எனும் அரசு நிதிக் கோடை ஆய்வுத் திட்டங்கள் பெரும்பாலும் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும்தான். மாணவர் விசாவில் இருப்பவள் அதற்காகக் காத்திருக்காமல், பாடம் நடத்தும் பேராசிரியரிடமே ஜனவரியில் கோடைக்கு ஆய்வக இடம் கேட்டு வைக்கட்டும்.